எஞ்சின் மூடிக்குத் தைத்த நாடா

என் கணவருக்குப் படுக்கைப்புண் வந்த வருடத்தில்தான் நான் ஒரு விமானத்தை முதன்முதலாகக் கையால் தொட்டேன். புண்ணுக்கு மருந்து கட்ட வந்தவரும் விமானத்தைக் காட்டியவரும் ஒரே மனிதர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயம். அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. என் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் மெஷினின் பட்டி மாற்ற ஏறியபோது ஏணி வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. நான் பதினொரு வருடமாகப் பதுளையில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்ததோடு அந்த வேலையை விட்டேன். வீட்டிலேயே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தேன். கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் நெற்றியை அறுக்காமலிருக்க, பருத்தி நாடாவுக்குள் துணி வைத்து மெத்தையாகத் தைத்துக் கொடுப்பேன். அதற்கு லயத்தில் நல்ல கிராக்கி இருந்தது.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பகலென்றால் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா கைகொடுப்பார். மற்ற நேரமெல்லாம் நான்தான். இரண்டு வருடம் அப்படிப் போனது. முழுதாகத் தூங்குவது என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவேன். தைக்கும்போது ஊசி விரலில் ஏறிய பிறகுதான் கண் திறக்கும். இவ்வளவு பார்த்தும் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் புண் வந்துவிட்டது. முதலில் ஒரு சிவந்த தடம், பிறகு தோல் உரிந்தது, பிறகு ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்குக் குழி விழுந்தது.

பதுளை நகரத்தில் ஒரு வயதான டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் வேலைக்காக இங்கே வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகவில்லை. கிழமைக்கு ஒரு நாள் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்கு வந்து, நடமாட முடியாதவர்களைப் பார்ப்பார். அவர்தான் புண்ணைப் பார்க்க வந்தார். கழுவி மருந்து வைத்துக் கட்டினார். பிறகு எழும்பாமல் கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரும்புச் சட்டத்தில் என் கணவரின் குதிகால் உரசாமலிருக்க நான் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்திருந்தேன். மெஷினில் தைக்க வழியில்லாததால் மெழுகு தடவிய நூலால், சட்டத்தில் இருந்த ஓட்டைகள் வழியாகக் கையால் கோத்துக் கட்டியிருந்தேன். டொக்டர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை ஆர் செய்தது?"

"நான்தாங்க ஐயா."

"முடிச்சு ஒண்டும் வெளியிலை தெரியேல்லையே."

"முடிச்சு வெளியில இருந்தா அதுவே ஒரசுங்க. உள்ளுக்குத் தள்ளிட்டேன்."

அவர் குனிந்து நாடாவின் உள்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "எனக்கும் இப்பிடி ஒண்டு தைச்சுத் தருவீங்களோ? கட்டிலுக்கில்லை. ஒரு பிளேனுக்கு."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். என் கணவர்தான் தலையைத் திருப்பி, "பிளேனுக்கா?" என்று கேட்டார்.

டொக்டர் சொன்ன கதை இது. கொழும்பில் படித்த காலத்தில் அவர் விமானம் ஓட்டப் பழகியவர். பிறகு வேலை, குடும்பம், சண்டைக் காலம் என்று எல்லாம் சேர்ந்து அதை விட்டுவிட்டார். மனைவி இறந்து பிள்ளைகளும் வெளிநாடு போன பிறகு, ஒரு பழைய சாமான் கிட்டங்கியில் துண்டு துண்டாகக் கிடந்த சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. டொக்டரைவிட அதற்கு இரண்டு வயது கூட. பண்டாரவளைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கொட்டகையில் அதை வைத்து, ஆகாயப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாஸைக் கொண்டு (கைத்தொழில் தெரிந்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆறு வருடமாகத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். இப்போது எஞ்சின் ஓடுகிறது. ஆனால் எஞ்சினை மூடும் தகடு, அது பொருந்தி உட்காரும் விளிம்பில் உரசி உரசித் தேய்கிறது. அதுதான் பிரச்சினை.

அடுத்த கிழமை பக்கத்து அக்காவைக் கணவருக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, நான் பண்டாரவளை பஸ் ஏறினேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வீட்டை விட்டு நாலு மணித்தியாலம் வெளியே இருக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கொட்டகைக்குள் பழைய தேயிலைத் தூசி மணம் இன்னும் இருந்தது. நடுவில் விமானம் நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது. பறவைக்குப் போல விரிந்திருந்த செட்டைகள் துணியால் ஆனவை என்று அறிந்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது. துணிக்கு மேல் ஏதோ பூசி, இழுத்துக் கட்டிய மேளத்தோல் போல ஆக்கியிருந்தார்கள். முன்பக்கம் மட்டும் தகடு. அதைத்தான் பாஸ் கவுலிங் என்றார். அவர் சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் சுருக்கமாகத்தான். என்னை மட்டும் சிங்களத்தில் நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டார்.

அவர் பூட்டுகளைத் திருகி மூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அது உட்கார்ந்திருந்த விளிம்பைச் சுற்றிக் கன்னங்கரேலென்று பொடி படிந்திருந்தது. நான் அதை எண்ணெய் அழுக்கு என்று நினைத்தேன்.

"எண்ணெய் இல்லை, நங்கி. அது தகடு. தகடு தகட்டைத் தின்னுது. தின்ன மிச்சம்தான் இந்தக் கறுப்பு."

விரலில் எடுத்து உரசிப் பார்த்தேன். மாவு போல இருந்தது, ஆனால் நறநறவென்றது. எஞ்சின் ஓடும்போது மூடி நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் இரண்டு தகடும் ஒன்றையொன்று அராவுகின்றன. விழுகிற பொடி நடுவில் மாட்டிக்கொண்டு அரத்தாளாக வேலை செய்கிறது. தேய்ந்து மெலிந்த இடத்தில் வெடிப்பு விழும். வெடித்த துண்டு பெற்றோல் குழாயில் பட்டால் ஆகாயத்தில் வைத்து என்ன ஆகும் என்பதைப் பாஸ் வாயால் சொல்லவில்லை. கையை மேலே தூக்கிக் கீழே விட்டுக் காட்டினார்.

அவர் முதலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டி போட்டுப் பார்த்திருந்தார். எஞ்சின் சூட்டில் பசை இளகிப் பட்டி சுருண்டுவிட்டது. பழைய விமானங்களில் விளிம்பு நெடுகிலும் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகப் பருத்தி நாடாவை மெழுகு நூலால் கோத்துக் கட்டுவதுதான் அந்தக் காலத்து முறையாம். துளைகள் இருந்தன. நாடாவும் வாங்கி வைத்திருந்தார்கள். அதைக் கட்டத் தெரிந்த கைதான் இல்லை. பாஸின் விரல்கள் தடித்தவை. அவர் கட்டியதைப் பார்த்தேன். உரச் சாக்கின் வாயைக் கட்டியது போல இருந்தது.

அன்று ஆரம்பித்து, எனக்கு முடிந்த கிழமைகளில் ஒரு நாள் போனேன். நாடாவை உருக்கிய தேன்மெழுகில் தோய்த்து உலர வைத்தேன். இல்லாவிட்டால் பருத்தி எண்ணெயைக் குடித்து ஊறிவிடும். பிறகு விளிம்பின் மேல் வைத்து, துளை துளையாக ஊசியை விட்டு இழுத்தேன். உட்கார்ந்து செய்கிற வேலையில்லை அது. கழுத்தை வளைத்து, ஒரு கையை எஞ்சின் குழாய்களுக்கு நடுவே நுழைத்து, உள்ளே ஊசி எங்கே வருகிறது என்று பார்க்காமலே பிடிக்க வேண்டும். மேல்பாதி முடியவே இரண்டு நாள் ஆயிற்று. வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டும்போது என் தோள்பட்டையிலிருந்து ஒரு வலி கிளம்பும். அப்போது அதைச் சொல்லி முறையிட ஆளில்லை. அவருக்குச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

முதல் தடவை முடித்து எஞ்சினை ஓட்டினார்கள். அரை மணித்தியாலம். மூடியைத் திறந்து பார்த்தால் பொடி குறைந்திருந்தது. ஆனால் அடிப்பக்கத்தில் இடதுபுறமாக ஒரு சாண் நீளத்துக்கு நாடா கறுத்து நைந்திருந்தது.

"இழுத்துக் கட்ட இல்லை, நங்கி," என்றார் பாஸ்.

நான் அந்தப் பகுதியை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். மறுபடியும் ஓட்டினார்கள். அதே இடம் நைந்தது. மூன்றாவது தடவை இரட்டை நாடா வைத்தேன். மூடியைச் சரியாகப் பூட்டவே கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பூட்டி ஓட்டினார்கள். அதே ஒரு சாண் இடத்தில் இரண்டு நாடாவும் அறுந்து, உள்ளே தகடு பளபளவென்று தெரிந்தது.

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தின நாள் புண்ணைக் கழுவியபோது குழி இன்னும் ஆழமாகியிருந்ததைப் பார்த்திருந்தேன். இரண்டு வேலையிலும் நான் என்ன செய்தாலும் தேய்கிறது. ஒரு வெற்று எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கழற்றி வைத்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"விடுங்கோ. உங்களுக்கும் களைப்பு. இண்டைக்குப் போதும்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. சீருடை தைக்கிறவள் நான். பழைய சட்டைகளைத் திருத்தக் கொண்டு வருவார்கள். முழுச் சட்டையும் ஒரே மாதிரி நைந்திருந்தால் துணி மட்டம். இடது தோள் மட்டும் நைந்திருந்தால் துணியில் குற்றமில்லை, அந்தப் பிள்ளை புத்தகப் பையை அந்தத் தோளில் மாட்டுகிறது. அங்கே எத்தனை ஒட்டுப் போட்டாலும் ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

"பாஸ்," என்றேன். "மேல ஒண்ணுமே தேயல. வலது பக்கமும் தேயல. கீழ எடது பக்கம் மட்டுந்தான். நாடாவுல கொறை இல்லீங்க. எஞ்சின் அந்தப் பக்கம் சாஞ்சு கெடக்குதோ என்னமோ."

பாஸுக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருடமாக அந்த எஞ்சினோடு இருப்பவர் அவர். "துணி வேலை நீங்க பாருங்க. எஞ்சின் நான் பாக்குறன்," என்றார். குரலை உயர்த்தவில்லை, முதுகைக் காட்டித் திரும்பி ஆயுதப் பெட்டியை மூடினார். நான் நூலையும் ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். இனி வரக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, அக்காவை அனுப்பிவிட்டு, அவரைப் புரட்டிக் கட்டை அவிழ்த்தேன். புண் நடுவில் இல்லை. இடது பக்கமாக இருந்தது. அது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். தினமும் கழுவுகிறேனே. ஆனால் ஏன் இடது பக்கம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். எங்கள் காம்பராவின் தரை மழைநீர் ஊறி ஊறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பானையை வைத்தால் சாயும், அதற்கு அடியில் கல் வைப்போம். கட்டிலுக்கு யாரும் கல் வைக்கவில்லை. அவர் இடது பக்கமாகவும் கால்மாட்டுப் பக்கமாகவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்? நான் அவரைப் புரட்டுவேன், அவர் மறுபடியும் சரிவார், தோல் படுக்கையோடு ஒட்டி நிற்க உள்ளே எலும்பு நகரும். புரட்டியதற்கும் சரிந்ததற்கும் நடுவே அந்த இடம் அறுந்துகொண்டிருந்தது.

வெளியே போய் அடுப்படிப் பக்கம் கிடந்த செங்கல்லில் இரண்டை எடுத்து வந்தேன்.

"என்னா செய்ற?" என்று கேட்டார்.

"கட்டிலுக்குக் கல்லு வைக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கட்டிலை அவரோடு சேர்த்துத் தூக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக் காம்பரா அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் தூக்க, நான் கல்லைத் தள்ளினேன். ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கட்டில் பலகையின் மேல் வைத்து, மட்டம் பார்த்துப் பார்த்துச் சரி செய்தோம். எல்லாம் முடிந்த பிறகு அவர், "நெசமாவே நான் இவ்வளவு நாளா கோணலாவா கெடந்தேன்?" என்று கேட்டார். நான் அந்தக் கிளாஸ் தண்ணீரை எடுத்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். இரண்டு வருடமாக நான் பார்க்காமல் விட்ட ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்று நாள் கழித்து டொக்டரின் கார் வந்தது. புண் பார்க்கும் நாள் அல்ல அது. அவரோடு பாஸும் வந்திருந்தார். பாஸ் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"நங்கி சொன்னது சரி," என்றார்.

நான் போன பிறகு அவர் காற்றாடிக்குப் பின்னால் மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பார்த்திருக்கிறார். மேலே இரண்டு விரல் போகிறது, கீழே இடது பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. எஞ்சினைத் தாங்கும் நாலு ரப்பர் புஷ்களில் இரண்டு, பழசாகிக் கல்லைப் போல இறுகி, பாரத்தில் சப்பையாகிவிட்டன. எஞ்சின் அந்தப் பக்கம் தொங்கியிருந்தது. வெளியே பார்த்தால் ரப்பர் நன்றாகத்தான் இருந்ததாம். கழற்றிப் பார்க்கும்வரை அவருக்கே தெரியவில்லை. அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. கட்டிலின் கீழே இருந்த செங்கல்லை அவருக்குக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு டொக்டரைப் பார்த்தார்.

டொக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் எத்தினை கிழமை இந்தக் கட்டிலிலை இருந்து மருந்து கட்டினன். எனக்கும் தெரியேல்லையே."

புது ரப்பர் உடனே கிடைக்கவில்லை. நாட்டில் டொலர் இல்லாத காலம். மருந்துக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நிற்கிறபோது எழுபது வயது எஞ்சினுக்கு யார் ரப்பர் இறக்குமதி செய்வார்கள்? கடைசியில் டொக்டரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அந்த ஏழு மாதமும் நான் கொட்டகைக்குப் போகவில்லை. போகவும் முடியாது. விறகு பொறுக்க மலைக்குப் போனேன், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன், பாதிக் குடும்பங்கள் சீருடை தைப்பதையே நிறுத்திவிட்டன. ஆனால் புண் மெல்ல மெல்ல ஆறியது. முதலில் ஆழம் குறைந்தது, பிறகு ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. டொக்டர் ஒவ்வொரு முறையும் கட்டை அவிழ்க்கும்போது நான் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பேன். ஒரு நாள், "இனிக் கட்டுத் தேவையில்லை," என்றார். சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரப்பர் வந்ததும் பாஸ் எஞ்சினைத் தூக்கி மறுபடியும் மட்டமாக மாட்டினார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான்காவது தடவையாக முழு விளிம்பையும் புதிதாகக் கட்டினேன். இந்த முறை ஒற்றை நாடாதான். நான் கழுத்தை வளைக்காமல் வேலை செய்ய, பாஸ் ஒரு தாழ்ந்த பலகை அடித்து வைத்திருந்தார். உள்ளே நான் விரல் நுழைக்கும் இடங்களில் ஊசியை அவரே ஒரு சின்னக் குறட்டால் பிடித்து இழுத்துக் கொடுத்தார். வேலை ஒன்றரை நாளில் முடிந்தது.

எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓட்டினார்கள். மூடியைக் கழற்றியபோது பாஸ் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் விளிம்பை முழுதாகச் சுற்றித் துடைத்தேன். மெழுகின் மஞ்சள் லேசாக ஒட்டியது. கறுப்பு இல்லை.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கடிதங்கள் போயின, வந்தன. அதெல்லாம் எனக்குத் தெரியாது. மாதக்கணக்காக ஆயிற்று என்று மட்டும் தெரியும். டொக்டருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதால் அவரால் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு அது முன்பே தெரியும் போலிருக்கிறது. ஓட்டுவதற்குக் கரையோரத்திலிருந்து ஒரு விமானி வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். கொட்டகைக்கு மேலே நீளமாகக் கிடந்த பத்தனைப் புல்மேட்டைச் செதுக்கி, கல் பொறுக்கி ஓடுபாதையாக ஆக்கியிருந்தார்கள். மூன்று நாள் அதிலிருந்து விமானத்தை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து நான் துடைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது நாள் டொக்டர் முதலில் ஏறிச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கும்போது அவரால் உடனே காலை எடுத்து வைக்க முடியவில்லை. பாஸும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். முகம் முழுக்க நனைந்திருந்தது. காற்றுக்குத்தான் என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் ஏறுங்கோ," என்றார்.

"வேணாங்க ஐயா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"உங்கடை நாடாவை நீங்களே நம்பேல்லையெண்டால் நாங்கள் எப்பிடி நம்புறது?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். விமானி பட்டியைப் பூட்டி, காதில் இரண்டு பெரிய மெத்தைகளை மாட்டிவிட்டார். எஞ்சின் சத்தம் சட்டென்று தூரத்தில் போன மாதிரி ஆயிற்று. புல்மேட்டில் தடதடவென்று ஓடி, ஒரு நேரத்தில் தடதடப்பு நின்றது. பார்த்தால் தரை கீழே இருந்தது. கொட்டகைத் தகரம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. தேயிலை மலைகள் சீவி வாரிய தலைகள் போல இருந்தன. ரயில் பாதையைப் பார்த்தேன். விமானி கையை நீட்டி எதையோ காட்டிச் சொன்னார், எங்கள் தோட்டத்துப் பக்கம் என்று நினைக்கிறேன்.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். இருக்கை என் முதுகுக்குச் சரியாக இருந்தது. எஞ்சினின் நடுக்கம் உடம்பு முழுக்க ஒரே சீராகப் பரவியது. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. யாரும் என்னைக் கூப்பிட முடியாத இடம் அது. நான் தூங்கிப்போனேன்.

சக்கரம் தரையில் பட்டபோது தூக்கிப் போட்டதில்தான் விழித்தேன். இருபத்தைந்து நிமிடம் பறந்தோமாம். விமானி சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தன்னோடு வந்தவர்களில் கும்பிட்டவர்கள் உண்டு, வாந்தி எடுத்தவர்கள் உண்டு, குறட்டை விட்ட முதல் ஆள் நான்தான் என்று. பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. "வடிவாய் நித்திரை கொண்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஆமாங்க என்றேன். காரில் கொண்டுபோய் வீட்டில் விடச் சொன்னார்.

அந்தக் கிழமையே விமானத்தை விமானி கரையோரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே பறக்கப் பழகும் ஆட்களுக்காக டொக்டர் அதைக் கொடுத்துவிட்டார். மலைக்காற்றில் இங்கே அதை வைத்திருப்பது புத்தியில்லை என்றார்கள். நாடா ஒரு வருடம் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதி, எந்தத் துளையில் ஆரம்பிக்க வேண்டும் என்று படமும் வரைந்து கொடுத்தேன். இப்போது அங்கே யாராவது அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பறந்துவிட்டு வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே என் கணவர் கேட்டார். அக்கா மகனின் போன் மூலம் அவருக்குச் செய்தி முன்பே வந்திருந்தது.

"மேல போனியாமே?"

"போனேன்."

"நம்ம லயம் தெரிஞ்சிச்சா?"

அவருக்காக ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விழுந்த நாளிலிருந்து அவர் பார்ப்பது அந்தக் கூரைத் தகரத்தை மட்டும்தான். தெரிந்தது, நம்ம வாசலில் துணி காய்ந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் இத்தனை வருடத்தில் அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"தெரியல. நான் தூங்கிட்டேன்."

"பிளேன்லயா?"

"ஆமா. எறங்குற வரைக்கும்."

அவர் கையை நீட்டி, கட்டிலின் ஓரத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். என் தோளில் கையை வைத்தார். அந்தக் கை முன்பு தொழிற்சாலை மெஷினைச் சுற்றிய கை, இப்போது மெலிந்துவிட்டது.

"இன்னைக்கு அக்காவ கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லு," என்றார். "நீ அங்க பாயப் போட்டுப் படு. என்னைய அவங்க பொரட்டட்டும்."

சரி என்று சொன்னேன். அக்காவைக் கூப்பிடப் போனேன். அக்கா அடுப்பில் சோறு வைத்திருந்தார், வடித்துவிட்டு வருகிறேன் என்றார். அதுவரைக்கும் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.